பயோடேட்டாவில் ‘கம்யூனிட்டி’ எதற்கு?

(திருவரங்கத்தில், வேலை தேடும் இளைஞர்களுக்காகத் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



‘ஏடிஎஸ் மென்பொருளைத் தாண்டுகிற ரெஸ்யூம் எழுதுவது எப்படி?’ இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. உள்ளே வரும்போது மூத்த தோழர் ஒருவர், “சாதி ஒழிப்பு மேடையில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார். ஆமாம் தோழர், பாதி நேரம் அதைத்தான் செய்யப் போகிறேன். வேலைச் சந்தையில் சாதி எந்த வழியாக நுழைகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அந்த வழிகளில் ஒன்று இன்றைக்கு இந்த மென்பொருள். அது எப்படிப் படிக்கிறது என்று தெரியாமல் அதன் அரசியலைப் பேச முடியாது.

முதலில் நம்மிடம் இருக்கும் ரெஸ்யூமைப் பார்ப்போம். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ‘பயோடேட்டா’ என்று ஒரு அச்சு வைத்திருப்பார்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், மதம், கம்யூனிட்டி, திருமணம் ஆனவரா, நிரந்தர முகவரி. அடியில் ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கையெழுத்து. மேலே வலது மூலையில் ஒட்டிய புகைப்படம். என் ஆய்வுக்காகப் பிள்ளைகளிடம் வாங்கிப் பார்த்த ரெஸ்யூம்களில் பல இந்த அச்சுதான். பொறியியல் முடித்து நவல்பட்டு ஐ.டி. பூங்காவுக்கு விண்ணப்பிக்கிறவரும் இதில்தான் எழுதுகிறார். துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் போகிறவரும் இதில்தான் எழுதுகிறார்.

‘கம்யூனிட்டி’ என்ற அந்த வரி எங்கிருந்து வந்தது? அரசு விண்ணப்பப் படிவத்திலிருந்து. அங்கே அந்த வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணையைப் போட்டது. அது ஏட்டளவில் கிடந்தது. 1928-இல் அமைச்சர் முத்தையா முதலியார்தான் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். பன்னிரண்டு இடம் என்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்த ஒன்று எவ்வளவு குறைவு என்பது வேறு பேச்சு. ஆனால் அன்றுமுதல் ஆளெடுக்கிற அதிகாரி, யாரை எடுத்தேன் என்று எண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று. எண்ணுவதற்குத்தான் அந்த வரி. தேர்வாணைய விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் எஸ்.சி., எஸ்.டி., எம்.பி.சி., பி.சி. என்பது உங்கள் உரிமைக்கான சாவி. அதைத் தயங்காமல், சான்றிதழ் எண்ணோடு எழுதுங்கள்.

தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடு கிடையாது. எண்ணிக் காட்ட வேண்டிய கட்டாயமும் கிடையாது. அங்கே அதே வரியை எழுதினால் எந்தக் கதவும் திறக்காது. பார்க்கிறவருக்கு ஒரு தகவல் மட்டும் போய்ச் சேரும். ஒரே வரி, ஒரு படிவத்தில் உரிமை, இன்னொரு படிவத்தில் ஆபத்து. இந்த வேறுபாட்டை யாரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அக்ரகாரத்துப் பிள்ளைக்கு அமெரிக்காவில் இருக்கும் அத்தை சொல்லிக் கொடுக்கிறார். நமக்கு ஜெராக்ஸ் கடைக்காரர்தான். அவரைக் குறை சொல்லவில்லை, பத்து ரூபாய்க்கு அவர் செய்வதே அதிகம்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-இல் வெளியான முடிவு இது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான்’ என்று எல்லோரும் சொன்னார்கள். கூடவே, நேர்முகத்தில் ‘குடும்பப் பின்னணி’ கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், வீட்டில் யார் படித்தவர்கள்? தகுதியின் பட்டியலில் இது எந்த வரிசையில் வருகிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். அது தானாக நடந்ததல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று உங்கள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து மட்டும் நிற்கிறதே, அது நமக்குக் கிடைத்த சொத்து. இந்தச் சொத்து மென்பொருளுக்குப் புரியாது. அதன் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. அமெரிக்கக் குடும்பப் பெயரை மனதில் வைத்துச் செய்த கட்டம் அது. அங்கே அப்பா பெயரைப் போடுங்கள், அல்லது இனிஷியலை மட்டும் போடுங்கள். எதைப் போட்டாலும் ரெஸ்யூமிலும் படிவத்திலும் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று தாத்தா காலத்துப் பட்டத்தைத் தேடிப் போகாதீர்கள். மின்னஞ்சல் முகவரியிலேயே சாதிப் பட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கும் தம்பிகள் சிலர் இங்கேயும் இருக்கக்கூடும். அவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

பெயர் காட்டிக் கொடுக்காத இடத்தில் முகவரி காட்டிக் கொடுக்கும். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மதில்கள். உத்திர வீதி, சித்திரை வீதி என்று எழுதினால் படிப்பவர் ஒன்று நினைப்பார். ‘காலனி’ என்று எழுதினால் வேறொன்று நினைப்பார். அந்தச் சொல் எப்படி ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது என்பதால்தான் 2025 ஏப்ரலில், அரசுப் பதிவுகளிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆதார் அட்டையில் இருப்பதை அப்படியே ரெஸ்யூமில் இறக்கி வைக்கிறோம், கதவு எண், தெரு, காலனி, அஞ்சல் எல்லாம். எந்த நிறுவனமும் ரெஸ்யூமைப் பார்த்து உங்கள் வீட்டுக்குக் கடிதம் போடப் போவதில்லை. ‘திருச்சிராப்பள்ளி - 620006’, இவ்வளவு போதும். வேலைக்கான ஊரைத் தேடும் மென்பொருளுக்கு ஊர்ப் பெயரும் அஞ்சல் குறியீடும்தான் வேண்டும். சித்திரை வீதிக்கும் 620006தான், கொள்ளிடக் கரைக் குடிசைக்கும் 620006தான். அஞ்சல் துறை அறியாமலே செய்த சமத்துவம்!

இனி இயந்திரத்துக்கு வருவோம். ஏடிஎஸ் என்றால் விண்ணப்பங்களைப் பதிந்து, பிரித்து, தேடிக் கொடுக்கும் மென்பொருள். அதைப் பற்றிப் பெரிய பயம் ஒன்று பரப்பப்படுகிறது. நூறில் எழுபத்தைந்து ரெஸ்யூம்களை மனிதர் பார்க்கும் முன்பே அது குப்பையில் போடுகிறதாம். இதைச் சொல்கிறவர்கள் அதற்கு அடிப்படையான ஆய்வு எதையும் காட்டுவதில்லை. சொல்லிவிட்டு, ‘உங்கள் ஏடிஎஸ் ஸ்கோர் 42, காசு கட்டினால் 90 ஆக்கித் தருகிறோம்’ என்பார்கள். அந்த மதிப்பெண் அவர்களுடைய இணையதளத்தின் மதிப்பெண். நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நடப்பது என்ன? மென்பொருள் முதலில் உங்கள் கோப்பிலிருந்து எழுத்துகளை உருவி எடுத்து, பெயர், படிப்பு, வேலை, திறன் என்று தனித்தனிக் கட்டங்களில் போடும். இரண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம் போட்டு, நட்சத்திரக் குறியில் திறமையைக் காட்டி அழகாகச் செய்த ரெஸ்யூம் இங்கேதான் சிக்கும். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து போகும். பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்த தொலைபேசி எண்ணைச் சில மென்பொருள்கள் படிக்காமலே விட்டுவிடும். கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால் அது வெறும் படம். பல மென்பொருள்களுக்கு அதில் ஒரு சொல்லும் கிடைக்காது. ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, ‘எஜுகேஷன்’, ‘எக்ஸ்பீரியன்ஸ்’, ‘ஸ்கில்ஸ்’ என்ற வழக்கமான தலைப்புகள், வேர்டு கோப்பு அல்லது வேர்டிலிருந்து எடுத்த பிடிஎஃப், அவ்வளவுதான். சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். உங்களுக்கு அங்கே வரிசையாகப் படிக்க முடிந்தால் பெரும்பாலும் அதற்கும் படிக்க முடியும்.

அடுத்தது சொற்கள். மனிதவள அலுவலர் தேடுபெட்டியில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவார். நௌக்ரி போன்ற தளங்களில் நடப்பதும் இதுதான். திருச்சியிலேயே உதாரணம் சொல்கிறேன். பெல் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் வேலை பழகிய ஒரு தம்பி ‘டிக் வெல்டிங்’ என்று எழுதியிருந்தார். விளம்பரத்தில் ‘ஜிடிஏடபிள்யூ’ என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றே. கையில் தொழில் இருக்கிறது, தேடலில் பெயர் வராது. அதனால் சுருக்கத்தையும் விரிவையும், பட்டறைப் பெயரையும் பாடப்புத்தகப் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். விளம்பரத்தில் அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ, உங்களுக்கு அது உண்மையிலேயே தெரியும் என்றால், அதே சொல்லைப் போடுங்கள். வெள்ளை எழுத்தில் ஒளித்து நூறு சொற்களைத் திணிக்கும் தந்திரம் வேண்டாம். நோட்பேடில் தெரிவதுபோல அவர்கள் திரையிலும் தெரியும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளைகள் தாங்கள் செய்த வேலையை வேலை என்றே எண்ணுவதில்லை. ஒரு தங்கையின் ரெஸ்யூமில் பி.காம். முடித்த பிறகு இரண்டு ஆண்டுகள் வெறுமையாக இருந்தன. என்ன செய்தீர்கள் என்றேன். “சும்மாதான் இருந்தேங்க்கா. அப்பாவுக்கு முடியாம போச்சு, காந்தி மார்க்கெட்ல ஒரு மண்டியில கணக்கு எழுதினேன்.” டேலியில் எழுதியிருக்கிறார். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு ஆடிட்டரிடம் விவரம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். இது சும்மா இருந்ததா? அப்பாவின் நண்பர் அலுவலகத்தில் இரண்டு மாதம் ஏசியில் உட்கார்ந்து வருகிறவன் ‘இன்டர்ன்ஷிப்’ என்று எழுதுகிறான். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும் மண்டியில் இரண்டு ஆண்டு உழைத்தவள் ‘கேப்’ என்று எழுதுகிறாள். அந்த வேலையை அதற்குரிய பெயரோடு, மாதம் ஆண்டு போட்டு எழுதச் சொன்னேன். கூலி வாங்கிச் செய்த எந்த வேலையும் அனுபவம்தான்.

இதுவரை சொன்னது நம் கையில் இருப்பது. நம் கையில் இல்லாத ஒரு கதவு இருக்கிறது. விண்ணப்பத்திலேயே கேள்வி கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு உண்டா? படிப்பில் இடைவெளி உண்டா? எப்போதாவது அரியர் வைத்ததுண்டா? கவனியுங்கள், இப்போது அரியர் இருக்கிறதா என்பதல்ல, ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’. ‘இல்லை’ என்று ஒரு சொடுக்கில் பதில் தப்பினால் அந்த விண்ணப்பத்தை மனிதர் பார்க்கவே மாட்டார். இங்கே எந்தக் கேள்வியிலும் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்துத் திகைத்து, இரண்டு தாள்களில் தவறி, பிறகு எழுந்து நின்ற பிள்ளை யார்? குடும்பத்துக்காக ஓராண்டு படிப்பை நிறுத்தியவர் யார்? பதினைந்து வயதில் அம்மாவோடு களை எடுக்கப் போனதால் பத்தாம் வகுப்பில் 57 விழுக்காடு எடுத்தவர் யார்? இருபத்திரண்டு வயதில் அவர் நன்றாக நிரல் எழுதுகிறார் என்பது அந்தக் கேள்விக்குத் தேவையில்லை. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள், சேர்ந்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்புவார்கள். அந்தக் கேள்வி கேட்காத நிறுவனங்களைத் தேடி, தெரிந்தவர் பரிந்துரை வழியாக நுழையுங்கள். ‘ரெஃபரல்’ என்பது பார்ப்பனர்களுக்கும் ஆதிக்க சாதிகளுக்கும் மட்டும் ஏன் சொந்தமாக இருக்க வேண்டும்? நம் தோழர்களில் வேலையில் இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைப் பரிந்துரை செய்யட்டும்.

மனிதர் செய்யும் ஓரவஞ்சனையை இயந்திரம் செய்யாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமேசான் 2014-இல் ரெஸ்யூம்களுக்கு நட்சத்திரம் போடும் ஒரு மென்பொருளைச் செய்யத் தொடங்கியது. பத்தாண்டுகளில் தனக்கு வந்த ரெஸ்யூம்களைக் காட்டி அதைப் பழக்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மென்பொருள் என்ன கற்றுக்கொண்டது? ‘மகளிர்’ என்ற சொல் வந்தால் மதிப்பைக் குறை. மகளிர் சதுரங்க அணித் தலைவி என்றிருந்தால் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் குறைத்தது. இதை ராய்ட்டர்ஸ் 2018-இல் வெளிக்கொண்டு வந்தது. அதற்குள் அமேசானே அந்தத் திட்டத்தைக் கைவிட்டிருந்தது. ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமசுவாமி, காவேரி என்று மகளிர் கல்லூரிகளால் நிறைந்த ஊர் இது. ‘பெண்ணா’ என்று யாரும் அந்த மென்பொருளிடம் சொல்லவில்லை, அது தானாகவே வழி கண்டுபிடித்தது. பாலினத்துக்குக் கண்டுபிடித்தது சாதிக்கும் கண்டுபிடிக்காதா? கல்லூரிப் பெயரும் ஊரும் பயிற்று மொழியும் போதும்.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். கல்லூரியில் அம்பேத்கர் படிப்பு வட்டம் நடத்திய ஒரு தோழர் கேட்டார்: அதை ரெஸ்யூமில் எழுதலாமா? நாற்பது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியவர், நிதி திரட்டிக் கணக்குக் காட்டியவர். அமெரிக்காவில் சோனியா காங் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதே சிக்கலைப் பற்றியது. கறுப்பினத்தவர் ரெஸ்யூமில் கறுப்பின அடையாளம் தரும் பெயரையும் அமைப்புகளையும் அப்படியே விட்டபோது 10 விழுக்காட்டினருக்கு அழைப்பு வந்தது. துடைத்து எடுத்தபோது 25 விழுக்காடு. ‘நாங்கள் எல்லோரையும் வரவேற்கிறோம்’ என்று விளம்பரத்தில் போட்ட நிறுவனங்களும் இதில் வேறுபடவில்லை. எண்ணைப் பார்த்தால் துடைப்பதுதான் புத்தி. ஆனால் அம்பேத்கர் பெயரைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போ என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்த வேலையை முழுதாக எழுதுங்கள் என்றேன்: எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், எவ்வளவு நிதி. வட்டத்தின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய நிலையில் ஒருவர் அதைப் போடாமல் விட்டால் அவரைக் கோழை என்று சொல்ல இந்த மேடையில் யாருக்கும் தகுதியில்லை. கம்யூனிட்டி வரியை விடுவதும் அப்படித்தான். அது வெட்கப்பட்டு மறைப்பதல்ல, கேட்க உரிமையில்லாதவருக்குச் சொல்லாமல் இருப்பது.

ஆனால் எல்லோரும் கெட்டிக்காரத்தனமாக ரெஸ்யூம் எழுதிவிட்டால் சாதி போய்விடாது. இயந்திரத்தைக் கேள்வி கேட்கச் சட்டம் வேண்டும். டெரெக் மோப்லி என்பவர் அமெரிக்காவில் வொர்க்டே மென்பொருள் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்தவர். ஒருமுறை நள்ளிரவு தாண்டி விண்ணப்பித்து ஒரு மணி நேரத்துக்குள் நிராகரிப்பு வந்தது என்கிறார். 2023-இல் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் மறுக்கிறது. ஆனால் 2025 மே மாதம், வயதுப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டைப் பாதிக்கப்பட்ட மற்றவர்களும் சேர்ந்து நடத்த நீதிமன்றம் முதற்கட்ட அனுமதி கொடுத்துவிட்டது. நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், ஆளெடுப்பில் இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியாரை வைத்துச் சோதித்து, பாலின, இன வாரியாக எத்தனை பேர் தேறினார்கள் என்று வெளியிட வேண்டும். அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் உண்டு, சாதி அதில் இல்லை. ஆனாலும் அதன் அடிப்படை நமக்குப் புதிதா என்ன? யாரை எடுத்தாய், எண்ணிக் காட்டு. 1928-இல் சென்னை மாகாணத்தில் நடந்ததுதான்.

இங்கே நிலை என்ன? 1955-இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரை ஒரு வேலையிலிருந்து தடுப்பது குற்றம். காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். இயந்திரமோ காரணமே சொல்வதில்லை. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல், பல நேரம் அதுவும் கிடையாது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமையை நமக்குத் தரவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறோம், தொடர்ந்து கேட்போம். அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசின் நிலமும் மின்சாரச் சலுகையும் வரிச் சலுகையும் வாங்கும் நிறுவனம், தன் மென்பொருள் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று சமூகவாரியாக ஆண்டுதோறும் கணக்குக் காட்டட்டும். அதற்கு விண்ணப்பதாரரின் சாதி தெரிய வேண்டுமே என்பார்கள். தெரியட்டும். ஆளெடுப்பவர் கண்ணில் படாமல், கணக்கெடுக்கும் அமைப்பிடம் மட்டும் போகும் தனிப் படிவத்தில் கேளுங்கள். அந்தப் படிவத்தில் கம்யூனிட்டி வரியை நாமே தடித்த எழுத்தில் எழுதித் தருவோம்.

நேரமாகிவிட்டது, கடைசிப் பேருந்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் மேசையில் இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. ரெஸ்யூம் கொண்டு வந்தவர்கள் கோப்பாகவே தாருங்கள், கைபேசியில் எடுத்த படமாக வேண்டாம். முதலில் நோட்பேடில் ஒட்டிப் பார்த்துவிடலாம்.